ஒரு பருவத்துக்கு ஒரு மாற்றம்: ஆசிரியர் பயிற்சியைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், பணியிடைப் பயிற்சியைத் திட்டமிடும் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஆய்வின் அடிப்படையில் கற்பிக்க வேண்டும் என்று சொல்லாத சுற்றறிக்கை இன்று அரிது. அதற்காக நடப்பது என்னவோ பெரும்பாலும் ஒரே வேலைதான்: ஆய்வு முடிவுகளைச் சுருக்கிக் கையேடாகவோ காணொலியாகவோ ஆக்கி ஆசிரியர்களுக்கு அனுப்பிவைப்பது. இந்த வழி பலன் தருமா என்பதையே இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 12,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சில பள்ளிகளுக்கு மொழிப்பாடம் பற்றிய நல்ல ஆய்வுச் சுருக்கங்கள் போயின; சிலவற்றுக்குக் கூடவே சிறு அளவில் உதவியும் கிடைத்தது; மீதிப் பள்ளிகளுக்கு எதுவும் போகவில்லை. 2017இல் முடிவு வெளியானது. மாணவர்களின் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

இதற்கு ஆசிரியர்களின் சோம்பலைக் காரணம் சொல்வது எளிது, ஆனால் தவறு. ஆய்வுக் கட்டுரை சொல்வது பல வகுப்புகளின் சராசரியை. ஆசிரியருக்கு வேண்டியது நாளை இரண்டாம் பாடவேளையில் என்ன செய்வது என்ற முடிவு. சராசரியிலிருந்து அந்த முடிவுக்கு வர நான்கைந்து வேலைகளைச் செய்தாக வேண்டும். எது உண்மையான சிக்கல் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பொருந்தும் ஆய்வைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த ஆய்வில் எது பலனைத் தந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். அதைத் தன் பாடத்துக்கு ஏற்ப எழுதி, செய்து பழகி, பலித்ததா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் பள்ளியின் கால அட்டவணையில் இடம் கிடையாது. எனவே எங்கள் கோரிக்கை சுருக்கமானது: ஒரு பாடக்குழு (ஒரே பாடத்தை எடுக்கும் ஆசிரியர்கள்), ஒரு பருவத்தில், ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். அந்தப் பாடவேளைக்குள் என்ன நடக்க வேண்டும், எங்கே சறுக்கும் என்பதை விரிவாக எழுதுகிறோம்.

முதலில் சிக்கல். "ஏழாம் வகுப்பு கணிதத்தில் பின்தங்கியிருக்கிறது" என்பது புலம்பல். அதற்கு எந்த ஆய்விலும் விடை கிடைக்காது. குழுவாக உட்கார்ந்து முப்பது விடைத்தாள்களை எடுத்து, மதிப்பெண்ணை மறந்துவிட்டு, தவறான விடைகளை மட்டும் வகைப்படுத்திப் பாருங்கள். பின்னக் கூட்டலில் சிலர் மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டி, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருப்பார்கள். இன்னும் சிலர் கீழெண்ணைச் சமமாக்கிவிட்டு மேலெண்ணை மாற்ற மறந்திருப்பார்கள். வேறு சிலருக்கு எல்லாம் தெரியும், பெருக்கல் வாய்ப்பாட்டில் மட்டும் தடுமாறியிருப்பார்கள். மூன்றும் சிவப்பு மையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் முதல் குழுவுக்குப் பின்னம் என்றால் என்ன என்பதே தெளிவில்லை. இரண்டாவது குழுவுக்கு வேண்டியது படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகள். மூன்றாவது குழுவுக்குப் பின்னப் பாடத்தையே திரும்ப நடத்தி ஒரு பயனும் இல்லை. குறைதீர் கற்பித்தல் என்ற பெயரில் மூவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் நடைமுறையில் அடிக்கடி காணும் கோளாறு. விடைத்தாள்களை வகைப்படுத்த ஒரு பாடவேளை போதும். இதைத் தவிர்த்துவிட்டு ஆய்வைத் தேடப் போனால் கண்ணில் பட்டதெல்லாம் பொருந்துவது போலவே தோன்றும்.

அடுத்தது தேடலும் வாசிப்பும். அமெரிக்கக் கல்வித் துறை 2002இல் தொடங்கிய வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ், இங்கிலாந்தில் 2011இல் தொடங்கிய எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் ஆகிய இரண்டின் தளங்களிலும் ஆய்வுத் தொகுப்புகளும் ஆசிரியர்களுக்கான வழிகாட்டிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில்தான். ஆகவே, குழுவில் ஆங்கிலம் வாசிக்கப் பழகிய ஒருவர் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் குறிப்பு எழுத வேண்டும். அதற்கு அவருக்கு இரண்டு பாடவேளை விடுவிப்பு தர வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதிவாருங்கள் என்றால் முதல் பருவம் எழுதுவார், அடுத்த பருவம் எழுத மாட்டார்.

அந்தக் குறிப்பை ஆய்வின் முடிவுரையிலிருந்து எழுதக்கூடாது. முடிவுரையில் ஆய்வாளரின் ஆசையும் கலந்திருக்கும். ஆய்வு நடந்த முறையைச் சொல்லும் பகுதிதான் ஆசிரியருக்கு உரியது. யாரிடம் நடத்தினார்கள்: பள்ளிக் குழந்தைகளா, பல்கலைக்கழக மாணவர்களா? ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா? அந்தக் குழுவினர் சும்மா இருந்தார்களா, வேறு முறையில் அதே நேரம் படித்தார்களா? (சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் எந்த முறையும் வெல்லும்.) கற்பித்தது யார்: வழக்கமான ஆசிரியரா, வெளியிலிருந்து வந்த ஆய்வாளரா? தேர்வை எழுதியது யார்? முறையைக் கண்டுபிடித்தவரே தேர்வையும் எழுதினால் பலன் பெரிதாகத் தெரிவது வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வு எப்போது நடந்தது?

கடைசிக் கேள்வியின் கனம் புரிய ஓர் எடுத்துக்காட்டு. ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை ஒரு குழு இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. பாடம் முடிந்த கையோடு சோதித்திருந்தால் திரும்பப் படிப்பதே சிறந்தது என்று முடிவு கட்டியிருப்போம். பயிற்சி முடிந்த அன்று மாலையே பின்தேர்வு வைத்துப் பயிற்சி வெற்றி என்று அறிக்கை எழுதும் பழக்கத்துக்கும் இது பொருந்தும்.

விளைவளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு) வகுத்தால் கிடைக்கும் எண் அது. கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டி 800க்கும் மேற்பட்ட தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுபவை) திரட்டி 2009இல் வெளியிட்ட பட்டியலுக்குப் பிறகு, 0.40க்குக் கீழே இருப்பது கவனிக்கத் தக்கதல்ல என்ற எண்ணம் பயிற்சி அரங்குகளில் வேரூன்றிவிட்டது. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு, சில நாளே நடந்த ஆய்வு, ஆய்வாளரே எழுதிய குறுகிய தேர்வு எல்லாம் அந்தச் சராசரிக்குள் இருக்கின்றன. குலுக்கல் முறையில் பிரித்து, பொதுத் தேர்வால் அளந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் எண்கள் வெகுவாகச் சுருங்கும். அவற்றை மட்டும் வைத்து மேத்யூ கிராஃப்ட் 2020இல் தந்த அளவுகோல் இது: 0.05க்குக் கீழே சிறியது, 0.05 முதல் 0.20 வரை நடுத்தரம், 0.20க்கு மேல் பெரியது. 0.20 என்றால் நூறு பேரில் நடுவே நிற்கும் மாணவர் ஏறக்குறைய எட்டுப் பேரைத் தாண்டி முன்னே வருகிறார். ஒரே ஆண்டில், அதிகச் செலவில்லாமல் அது கிடைத்தால் பெரிய செய்தி. எங்கள் முறையின் விளைவளவு 1.2 என்று சொல்லிக்கொண்டு வரும் நிறுவனத்திடம், என்ன தேர்வு, எத்தனை நாள், யார் எழுதிய வினாத்தாள் என்று கேளுங்கள். பேச்சு சட்டென்று வேறு பக்கம் திரும்பும்.

இங்கேயே ஒரு சின்ன வேண்டுகோள். படித்ததில் 10 விழுக்காடும் கேட்டதில் 20 விழுக்காடும் செய்து பார்த்ததில் 90 விழுக்காடும் நினைவில் நிற்கும் என்ற கூம்புப் படத்தைப் பயிற்சிப் பாடங்களிலிருந்து நீக்கிவிடுங்கள். எட்கார் டேல் 1946இல் வரைந்த கூம்பில் எண்களே இல்லை. யாரோ பின்னால் ஒட்டியவை அவை. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், உடலால் கற்பவர் என்று மாணவர்களைப் பிரிக்கும் படிவத்தையும் அப்படியே. அந்தப் பிரிவுக்கு ஏற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லரும் பிறரும் 2008இல் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். பாடத்துக்கு ஏற்ப படமும் பேச்சும் செய்முறையும் வேண்டும் என்பது வேறு. அது எல்லா மாணவருக்கும் வேண்டும்.

இனி, ஆய்வை வகுப்புக்கு ஏற்ப எழுதும் வேலை. உள்ளே நுழைந்துவிட்ட நல்ல முறைகள் பலனிழப்பது பெரும்பாலும் இங்கேதான். வடிவம் மட்டும் வகுப்புக்கு வந்து, பலன் தரும் கூறு வழியில் உதிர்ந்துவிடும். நினைவிலிருந்து மீட்டெழுதும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். டன்லோஸ்கியும் பிறரும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்தபோது உயர்ந்த பயன் என்று மதிப்பிட்டவை இரண்டே: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. அடிக்கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் என்ற வரிசையில் வந்தன. இந்த ஆய்வைக் கேள்விப்பட்டதும் பள்ளிகளில் என்ன நடக்கிறது? தினமும் ஒரு சிறுதேர்வு, அதற்கு ஒரு பதிவேடு, குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து. பயன் தருவது மாணவர் பார்க்காமல் நினைவைத் துழாவுவதும், உடனே தன் விடையைத் திருத்திக்கொள்வதும்தான். மதிப்பெண்ணும் பதிவேடும் அதற்குத் தேவையே இல்லை. சொல்லப்போனால் கெடுக்கும்: மதிப்பெண் வந்தால் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பதும் தொடங்கும்.

நடைமுறை இப்படி இருக்கலாம். வாரம் மூன்று நாள், பாடவேளையின் முதல் ஏழெட்டு நிமிடம், கரும்பலகையில் ஐந்து வினா. இரண்டு முந்தைய வகுப்பிலிருந்து, இரண்டு ஒன்றிரண்டு வாரம் முன்னால் நடத்தியதிலிருந்து, ஒன்று ஒரு மாதம் முன்னால் நடத்தியதிலிருந்து. புத்தகம் மூடியிருக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடம் அமைதியாக ஒவ்வொருவரும் எழுத வேண்டும். பிறகு விடைகளை ஆசிரியர் சொல்ல, மாணவர் வேறு நிற மையால் தாங்களே திருத்த வேண்டும். வினா வாரியாகக் கை தூக்கச் சொல்லி ஆசிரியர் எண்ணிக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறு என்றால் அந்தப் பகுதியை அப்போதோ அடுத்த வகுப்பிலோ வேறு விதமாக விளக்க வேண்டும்.

எங்கே கெடும்? வாய்மொழியாகக் கேட்டால் முன்வரிசையில் இருக்கும் அதே நாலு பேர் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் துழாவ மாட்டார்கள்; அதனால்தான் எல்லோரும் எழுத வேண்டும் என்கிறோம். எல்லா வினாவும் நேற்றைய பாடத்திலிருந்தே வந்தால் இடைவெளியின் பயன் கிடைக்காது. பெயர், ஆண்டு, வரையறை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் மாணவர் பெயர், ஆண்டு, வரையறை மட்டும் கற்பார். ஐந்தில் ஒன்றாவது "ஏன்" என்றோ "இது அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது" என்றோ இருக்க வேண்டும். சரியாகப் புரியாத பாடத்தை மீட்டெழுதச் சொன்னால் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது. வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் பயிற்சி ஆகாது. திருத்தும் பகுதியை நேரமில்லை என்று விட்டுவிட்டால் தவறான விடைதான் மனதில் பதியும்.

இதையெல்லாம் தனி ஆசிரியர் ஒருவர் செய்ய முயன்றால் நான்காம் வாரம் வினாக்கள் தீர்ந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 வாரப் பருவம், வாரம் மூன்று முறை என்றால் 36 முறை, 180 வினா. ஆனால் புதிதாக எழுத வேண்டியவை முறைக்கு இரண்டு வீதம் 72 மட்டுமே. மீதி எல்லாம் பழைய வினாக்களின் வடிவம் மாறியவை. ஒரே வகுப்பை எடுக்கும் நான்கு ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பதினெட்டு. அடுத்த ஆண்டு அதுவும் இல்லை. பாடக்குழுவுக்கு நேரம் கேட்பதன் பின்னால் இருப்பது இந்த எளிய கணக்குதான்.

இடைவெளி எவ்வளவு? செபேடாவும் பிறரும் 2008இல் பொது அறிவுத் தகவல்களை வைத்துச் சோதித்ததில், தேர்வு ஏழு நாளில் என்றால் ஒரு நாள் இடைவெளியும், 35 நாளில் என்றால் 11 நாள் இடைவெளியும், 70 நாளிலோ 350 நாளிலோ என்றால் 21 நாள் இடைவெளியும் நல்ல பலன் தந்தன. இணையம் வழியே கலந்துகொண்ட பெரியவர்களிடம், தனித்தனித் தகவல்களை வைத்து நடந்த ஆய்வு அது. ஆகவே 11, 21 என்ற எண்களை அட்டவணையில் அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிடாதீர்கள். நீண்டகாலம் நினைவில் நிற்க வேண்டுமானால் இடைவெளி நாள்கணக்கில் இருந்தால் போதாது, வாரக்கணக்கில் வேண்டும் என்பது மட்டுமே நாம் எடுத்துக்கொள்ளத் தக்க செய்தி.

கணித ஆசிரியர்களுக்கு இதைவிடப் பலன் தரக்கூடியது கலந்த பயிற்சி, அதாவது பல வகைக் கணக்குகளைக் கலந்து கொடுப்பது. பாடநூல்களில் ஒரு பயிற்சியின் எல்லாக் கணக்கும் ஒரே வகை. எந்த முறையைப் போடுவது என்று மாணவர் யோசிக்கவே வேண்டாம், தலைப்பே சொல்லிவிடும். ரோரரும் டெய்லரும் 2007இல் கன அளவுக் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வில், வகை வகையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ கலந்து போட்டவர்களுக்கு 63, மற்றவர்களுக்கு 20. பின்னர் 2020இல் 54 ஏழாம் வகுப்புகளில், வழக்கமான ஆசிரியர்களே நடத்தி, ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றித் தேர்வு வைத்த ஆய்விலும் 61க்கு 38 என்று வந்தது. இதற்குப் புதிய புத்தகம் வேண்டாம். இருக்கும் கணக்குகளையே வரிசை மாற்றி, இன்று நடத்திய வகையில் நான்கு, பழைய வகைகளில் ஆறு என்று கொடுத்தால் போதும். ஆனால் தலைமையாசிரியர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: முதல் சில வாரம் நோட்டுகளில் தவறு கூடும். மாணவர் சலித்துக்கொள்வார், பெற்றோர் கேட்பார்கள், மேற்பார்வைக்கு வருபவர் நோட்டைப் புரட்டிவிட்டு முகம் சுளிப்பார். அந்த நேரத்தில் ஆசிரியருக்குத் துணை நிற்காவிட்டால் அவர் மூன்றாம் வாரமே பழைய முறைக்குத் திரும்பிவிடுவார். திரும்பியதில் நியாயமும் இருக்கும்.

பின்னூட்டம் பற்றி ஒரு பத்தி மட்டும். பின்னூட்டம் நல்லது என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாதீர்கள். குளூகரும் டெனிசியும் 1996இல் 600க்கும் மேற்பட்ட விளைவளவுகளைத் தொகுத்தபோது சராசரி 0.41, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி மாணவரின் தன்மதிப்பின் பக்கம் போகும்போது பலன் குறைகிறது. ரூத் பட்லர் 1988இல் செய்த ஆய்வில் குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே தேங்கினார்கள். ஆகவே எல்லா நோட்டிலும் சிவப்பு மையில் பத்து வரி எழுதச் சொல்லும் ஆணை வேண்டாம். ஒரே ஒரு குறிப்பு. அதை வைத்து மாணவர் அதே வகுப்பில் திருத்தி எழுத ஐந்து நிமிடம். திருத்த நேரம் தராத குறிப்பு ஆசிரியரின் மையைத்தான் செலவழிக்கும்.

அடுத்து, பலித்ததா என்று பார்ப்பது. ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலேயே நடத்தும் செயலாராய்ச்சியின் அறிக்கைகளில் மிகப் பரவலான பிழை ஒன்று உண்டு. முன்தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு வாரம் ஏதோ ஒரு முறையில் கற்பித்து, பின்தேர்வில் உயர்ந்துவிட்டார்கள் என்று காட்டுவது. எதுவுமே செய்யாவிட்டாலும் அவர்களுடைய சராசரி ஓரளவு உயரும். அன்று உடம்பு சரியில்லாதவர், வினாவைத் தவறாகப் படித்தவர், மோசமாக ஊகித்தவர் எல்லோரும் அந்தப் பத்துப் பேருக்குள் குவிந்திருப்பார்கள். அடுத்த தேர்வில் அந்தத் துரதிர்ஷ்டம் எல்லோருக்கும் தொடராது. இதனால் அதே மாதிரி பத்துப் பேர் வேறு பிரிவிலும் இருக்க வேண்டும். எந்தப் பிரிவு முதலில் தொடங்குவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். மற்ற பிரிவுக்கு அடுத்த பருவம். விடைத்தாள்களை எந்தப் பிரிவு என்று தெரியாத இன்னோர் ஆசிரியர் திருத்தட்டும். கடைசிப் பயிற்சிக்கு மூன்று வாரம் கழித்துத் தேர்வு வையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரு பள்ளியின் எண்களால் நிரூபிக்கக்கூடியது குறைவே. இரு பிரிவிலும் 40 பேர் வீதம் இருந்தால், ஏறத்தாழ 0.6 திட்டவிலக்கத்துக்கும் சிறிய வேறுபாட்டை நம்பகமாகக் கண்டுபிடிக்க அந்த எண்ணிக்கை போதாது. கிராஃப்டின் அளவுகோலில் 0.20 என்பதே பெரிது என்று மேலே பார்த்தோம். அதாவது, நல்ல பலனே இருந்தாலும் உங்கள் இரண்டு பிரிவுகளின் சராசரியில் அது தெரியாமல் போகலாம்; பலனே இல்லாமல் ஏதோ தெரியவும் செய்யலாம். எனவே ஆசிரியர்களிடம் "நிரூபியுங்கள்" என்று கேட்காதீர்கள். இரண்டு கேள்வி போதும். முறையைத் திட்டமிட்டபடி செய்தோமா? முதல் வாரம் வகைப்படுத்திய தவறு வகைகளில் எது குறைந்தது, எது அப்படியே நிற்கிறது? முதல் கேள்விக்கு வகுப்பில் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தால் விடை கிடைக்கும்: திட்டமிட்டதில் எத்தனை முறை நடந்தது, எத்தனை முறை திருத்தும் பகுதி விடுபட்டது. பதினாறு முறைதான் நடந்திருக்கிறது என்றால் முறையைக் குறை சொல்ல இடமில்லை. அட்டவணையைப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் தொடர்வது, எந்த நிலையில் கைவிடுவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பருவ முடிவில் முடிவு செய்தால் உழைத்தவர்களின் மனம் ஒரு பக்கமே சாயும்.

பயிற்சியின் வடிவத்துக்கு வருவோம். யூனும் பிறரும் 2007இல், ஆசிரியர் பயிற்சி மாணவர் கற்றலை எப்படி மாற்றுகிறது என்று 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்தார்கள். தரத்தில் தேறியவை ஒன்பது. அவற்றில் 14 மணி நேரத்துக்குக் குறைவான பயிற்சிகள் மாணவர் கற்றலில் பலன் காட்டவில்லை. மணிக்கணக்கை நீட்டினால் மட்டும் போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. கிராஃப்ட், பிளேசார், ஹோகன் மூவரும் 2018இல் வகுப்பறை வழிகாட்டுதல் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கற்பிக்கும் முறையில் 0.49, மாணவர் தேர்ச்சியில் 0.18 என்ற விளைவளவு கிடைத்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைச் சேர்த்த பெரிய திட்டங்களில் பலன் கணிசமாகச் சரிகிறது. நல்ல வழிகாட்டிகள் அத்தனை பேர் கிடைப்பதில்லை.

வழிகாட்டுதல் என்று சொல்வது மேற்பார்வையை அல்ல. வழிகாட்டி பதினைந்து நிமிடம் வகுப்பைப் பார்க்கிறார். அன்றைக்கே ஒரே ஒரு கருத்தைச் சொல்கிறார்: "விடை சொல்வதற்கு முன் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள்" என்ற அளவுக்குச் சிறியது. பிறகு இருவரும் அந்த ஒரு நிமிடத்தை வெற்று வகுப்பறையில் செய்து பார்க்கிறார்கள். அடுத்த முறை வரும்போது அதைத்தான் முதலில் பார்க்கிறார். இந்தப் பார்வை பணி மதிப்பீட்டுக் கோப்புக்குள் ஒருமுறை போய்விட்டால் போதும், அதன் பிறகு வழிகாட்டி பார்ப்பதெல்லாம் நாடக வகுப்பாகத்தான் இருக்கும். குறிப்பேடு ஆசிரியரிடமே இருக்கட்டும்.

ஒரு பருவத்தின் வாரங்களைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் விடைத்தாள் வகைப்பாடு. இரண்டாம் வாரம் ஒரு பக்கக் குறிப்பை வாசித்து வாதிடுவது. இந்த வாரத்தில் யாராவது ஒருவர் "இது நம் வகுப்புக்குப் பொருந்தாது" என்று வாதிட நியமிக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மூன்றாம் வாரம் ஒத்திகை: ஒவ்வொருவரும் சக ஆசிரியர்களுக்கு முன்னால் ஆறு நிமிடம் செய்து காட்டுவது. கூச்சம் இருக்கும், ஆனால் வகுப்பில் குழம்பப்போகும் இடம் இங்கேயே தெரிந்துவிடும். நான்கு முதல் எட்டு வரை வகுப்பில் செயல்படுத்துவது, வாரப் பாடவேளையில் வினாக்களைத் திருத்துவது, வழிகாட்டி இரண்டு மூன்று முறை வருவது. அந்தப் பாடப்பகுதியின் பயிற்சி எட்டாம் வாரத்தோடு முடிய, பதினொன்றாம் வாரம் தேர்வு. இடைப்பட்ட வாரங்களில் வேறு பாடப்பகுதியில் அதே முறை தொடரும். பன்னிரண்டாம் வாரம் முடிவு: வைத்துக்கொள்வது, மாற்றுவது, விடுவது. விடுவதும் மதிப்புள்ள முடிவு என்று தலைமையாசிரியர் வாயால் சொல்ல வேண்டும். 45 நிமிடப் பாடவேளை பன்னிரண்டு என்றால் ஒன்பது மணி நேரம். மூன்று பருவத்துக்கு 27 மணி. ஒருநாள் பயிற்சிகளில் நான்கைந்தைக் கைவிட்டால் இந்த நேரம் கிடைத்துவிடும்.

ஒரு பள்ளியில் பலித்ததும் எல்லாப் பள்ளிக்கும் ஆணையாக அனுப்பிவிடும் ஆசை வரும். கலிஃபோர்னியாவில் அதுதான் நடந்தது. டென்னஸியில் 1985 முதல் 1989 வரை கவனமாக நடந்த சோதனையில் சிறிய வகுப்புகள் பலன் தந்தன. 1996இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் வகுப்புகளை அவசரமாகச் சிறிதாக்கியபோது ஆசிரியர் பற்றாக்குறை வந்தது. தகுதி முடிக்காதவர்களைக் கொண்டு வகுப்பறைகளை நிரப்ப வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த பலன் வரவில்லை. இந்தியாவில், எத்தனையாம் வகுப்பு என்று பார்க்காமல் குழந்தையின் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரித்துக் கற்பிக்கும் முறை தன்னார்வலர்கள் கையில் நல்ல பலன் தந்தது. அதே முறையைப் பீகாரில் பயிற்சியாகவும் கையேடாகவும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கொடுத்தபோது பள்ளி நாள்களில் ஒன்றும் அசையவில்லை. ஹரியானாவில் வேறு விதமாகச் செய்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. மேற்பார்வையாளர்கள் முதலில் 15 முதல் 20 நாள் தாங்களே வகுப்பில் நின்று கற்பித்துவிட்டு, பிறகுதான் ஆசிரியர்களுக்கு வழிகாட்டினார்கள். மொழிப்பாடத்தில் 0.15 திட்டவிலக்கம் உயர்வு கிடைத்தது. இந்த இரண்டு மாநிலக் கதையில் கையேட்டின் தரம் அல்ல, கால அட்டவணையும் மேற்பார்வையாளரின் அனுபவமுமே வேறுபட்டன என்பதை அலுவலர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது: அடுத்த பருவத்துக்கு, விருப்பத்தோடு முன்வரும் பாடக்குழுக்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய வாரப் பாடவேளையை அட்டவணையில் அச்சிட்டு, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பி அதைப் பறிக்காதீர்கள். ஒளிப்படமும் பதிவேடும் கேட்காதீர்கள். எத்தனை முறை நடந்தது என்ற அந்தக் கோட்டுத் தாளும் தவறு வகைகளின் முன்-பின் எண்ணிக்கையும் ஒரே பக்கத்தில் வந்தால் போதும். கைவிட்ட முறைகளின் பக்கங்களையும் பலித்தவற்றோடு சேர்த்து மற்றப் பள்ளிகளுக்குத் தாருங்கள். அவை இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளியும் அதே குழியில் தனித்தனியாக விழும். வழிகாட்டிகளாக அமர்த்த நினைப்பவர்களை, மற்றவர்களுக்குச் சொல்லித்தர அனுப்பும் முன், ஒரு பருவம் அந்த முறையில் தாங்களே வகுப்பெடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கல்வி ஆய்வையும் ஆசிரியர் பயிற்சியையும் தொழிலாகக் கொண்ட சிலர்